நல்லா ஓடுற பில்லிங் சாஃப்ட்வேருக்குப் புது ஸ்கிரீன் தேவையா?

வண்ணை_ஜவுளி:
பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை. மூணு கவுண்டர். இப்ப இருக்கிற சாஃப்ட்வேரில் மவுஸைத் தொடவே வேண்டாம்: ஸ்கேன், எண்ணிக்கை, என்டர், கடைசியா எஃப்10 தட்டினா பில். எழுதிக் கொடுத்தவர், "ஜிஎஸ்டி மாறிடுச்சு, டிசைனும் பழசு, முழுசா மாத்திடலாம்"னு புது ஸ்கிரீனுக்கு ஒரு டெமோ கொடுத்திருக்கார். அதில் முதல் துணியை ஸ்கேன் பண்ணினதுமே பில் சேவ் ஆகி அச்சாகுது. ஸ்கேனர் கோளாறா? தீபாவளிக்கு முன்னாடி மாறலாமா?

மண்ணடி_ஹார்டுவேர்:
ஸ்கேனர் நல்லாத்தான் இருக்குங்க. கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒரு கீபோர்டுதான்; பார்கோடு எண்ணை அடிச்சு முடிச்சதும் தானா ஒரு என்டர் தட்டும். பழைய ஸ்கிரீனில் அந்த என்டர் எண்ணிக்கைக் கட்டத்துக்குப் போகும். புதுசில் 'சேவ்' பட்டனை டிஃபால்ட்டா வெச்சிருக்காங்க, என்டர் விழுந்ததும் அது அமுங்குது. என்டருக்குப் பதிலா டேப் அனுப்புற மாதிரி ஸ்கேனரை செட் பண்ணலாம். ஆனா செய்யாதீங்க, பழைய சாஃப்ட்வேர் மாட்டிக்கும். சேவுக்கு எஃப்10 மட்டும்தான், எண்ணிக்கை போட்டதும் கர்சர் பார்கோடு கட்டத்துக்கே திரும்பணும்னு எழுதுறவர்கிட்ட கறாரா சொல்லுங்க.

ராயபுரம்_பில்லிங்:
வரி மாறினதுக்கும் ஸ்கிரீனுக்கும் சம்பந்தமே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடை ஒன்றுக்கு ₹2,500 வரை 5%, அதுக்கு மேல 18%. வரி டேபிளில் ரெண்டு ரேட், எந்தத் தேதியிலிருந்துன்னு ஒரு கட்டம், அவ்வளவுதான் வேலை. தள்ளுபடி போக வர்ற விலையைத்தான் பார்க்கணும். கோட்டை விடுறது இங்கதான். வரி சேர்க்காத விலை ₹2,700, தள்ளுபடி 10%னா ₹2,430, ஆக 5%.

மாத்தியே ஆகணும்னு ஒரு நிலைமையும் உண்டு. விண்டோஸுக்கு முந்தின காலத்து 16-பிட் டாஸ் புரோகிராம் 64-பிட் விண்டோஸில் நேரடியா ஓடாது. விண்டோஸ் 11-ல் 64-பிட் மட்டும்தான். அப்பவும் உள்ளே மாத்துங்க, விரல் பழகின வழியில் கை வைக்காதீங்க. எக்ஸல் 2007-ல் மெனு போய் ரிப்பன் வந்தது. ஆனா பழைய ஆல்ட்+இ, எஸ் இன்னிக்கும் பேஸ்ட் ஸ்பெஷலைத் திறக்குது. 2012-ல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனைத் தூக்கினது, அடுத்த வருஷமே 8.1-ல் திரும்ப வெச்சாங்க.

வண்ணை_ஜவுளி:
டாஸ் இல்லை சார், விண்டோஸ் புரோகிராம்தான். எழுத்து சின்னதா இருக்குன்னு கவுண்டர் பசங்க சொல்றாங்க. பழசு, புதுசு ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாமா?

ராயபுரம்_பில்லிங்:
அந்த எழுத்துதான் நிஜக் குறை. இருக்கிற ஸ்கிரீனிலேயே பெருசாக்கச் சொல்லுங்க, முதலில் அது முடியட்டும். புதுசை ஒரே ஒரு கவுண்டரில் வைங்க, பில் வரிசைக்குத் தனி முன்னெழுத்து கொடுங்க. ஒரே நிதியாண்டில் ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக் கூடாது, முன்னெழுத்தோட சேர்த்து 16 எழுத்தைத் தாண்டவும் கூடாது. ரெண்டுக்கும் டேட்டாபேஸ் வேற வேறன்னா ஸ்டாக் கணக்கு அன்னிக்கே பிசகிடும், அதை முதலில் கேளுங்க.

மண்ணடி_ஹார்டுவேர்:
பிரிண்டரையும் பாருங்க. 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் வழக்கமான எழுத்தில் ஒரு லைனுக்குப் பெரும்பாலும் 48 எழுத்து வரும். புது டிசைன் முழு பில்லையும் படமா அனுப்பினா அச்சு இழுக்கும், வரிசை நிக்கும். தமிழ்க் கடைப்பெயரை மட்டும் படமா பிரிண்டரிலேயே ஏத்தி வைங்க, மீதி எழுத்தாவே போகட்டும்.

தீபாவளிக்கு முன்னாடி வேண்டவே வேண்டாம். பொங்கலும் தாண்டட்டும். ஏப்ரல் 1-ல் எப்படியும் புது பில் வரிசை, அப்ப மாறுங்க. அதுக்கு முந்தின ராத்திரி பழைய புரோகிராமையும் டேட்டா ஃபோல்டரையும் பென் டிரைவில் காப்பி எடுத்து, வேற கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துடுங்க.