லேத் கூலன்ட் பட்டு விரலிடுக்கில் வெடிப்பு: டேங்க்கை எப்படிக் கழுவுவது?

கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை. மூன்று மாதமாக எனக்கும் கூட வேலை செய்யும் தம்பிக்கும் விரலிடுக்கில் தோல் சிவந்து வெடிக்கிறது. சோப்பு பட்டால் உயிர் போகிறது. ஞாயிறு லீவில் கொஞ்சம் ஆறும், செவ்வாய்க்குள் பழையபடி.

கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட்டில் எண்ணெய் 1 பங்குக்குத் தண்ணீர் 20. டேங்க்கைக் கழுவி ஆறு மாதம் இருக்கும். திங்கள் காலை மெஷினைப் போட்டால் அழுகிய முட்டை வாடை. மேலே கறுப்பாக எண்ணெய்ப் படலம் மிதக்கிறது.

தேங்காய் எண்ணெய், டாக்டர் தந்த களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. கூலன்ட் பிராண்டையும் மாற்றினேன். ஆனால் பழைய தண்ணீரிலேயே ஊற்றிவிட்டேன், அது என் தப்பு. கையுறை மட்டும் சொல்லாதீர்கள். கடையும் துண்டைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் சிக்கினால் விரலே போய்விடும்.

டேங்க்கைக் காலி செய்தபின், அந்த வாடை திரும்ப வராமலிருக்க எதை ஊற்றி, எப்படிக் கழுவ வேண்டும்?