புதுப்பிப்பு: காசநோய் வந்த அக்காவுக்குத் தனித் தட்டு

காசநோய் மருந்து சாப்பிடும் அக்காவுக்கு அவள் மாமியார் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“நீங்கள் வாதாடாதீர்கள், சுகாதாரப் பணியாளரை வீட்டுக்கு அழையுங்கள்” என்ற யோசனைதான் பலித்தது. இது காற்றில் பரவும், பாத்திரத்தில் பரவாது என்று அவர் சொன்னபோது மாமியார் அசையவில்லை. சென்னையில் 1950களின் இறுதியில் நடந்த ஆய்வைச் சொன்னதும்தான் காது கொடுத்தார். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லையாம்.

எதிர்பாராதது அப்புறம்தான். மாமியார், தன் அம்மாவுக்கும் இதே நோய் இருந்ததாம், கல்யாணம் தடைபடும் என்று மறைத்தார்களாம். சொல்லிவிட்டு அழுதார்.

இப்போது தட்டெல்லாம் ஒரே அடுக்கில்தான். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை முடிந்தது. சின்னக் குழந்தைக்கு மட்டும் தடுப்பு மாத்திரை, இலவசமாகவே கொடுக்கிறார்கள்.