சின்னத் தாத்தாவுக்குத் திதி கொடுத்த கதை

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாக் கணக்கு மடல்களுக்கு நடுவே இதை அனுப்புகிறேன். பொருளாளர் மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன ஞாயிறு சிங்கப்பூரில் முஸ்தபா கடையில் சாமான் வாங்கிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் நடந்தேன். அங்கே இருக்கும் ஃபேரர் பார்க் அந்தக் காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை இந்தத் திடலில்தான் கூட்டினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் கேப்டன் மோகன் சிங் எழுந்து, நாட்டு விடுதலைக்குப் படை கட்டுகிறோம், சேருங்கள் என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் எங்கள் சின்னத் தாத்தாவும் இருந்தார். வயது இருபதுதான்.

மேட்டுத்தெரு மிலிட்டரி தாத்தா என்றால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். வட ஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் ஏது? இவரும் பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவதும், தேவைப்பட்டால் அதையே வெடி வைத்துத் தகர்ப்பதும் அவர்கள் வேலை. மலாயாவில் பின்வாங்கிய இரண்டு மாதமும் தகர்த்ததுதான் அதிகம். 1942 ஜனவரி 31-இல் ஜோகூர் பாலத்தையும் உடைத்துவிட்டுத் தீவுக்குள் வந்தது படை. ஜப்பான்காரன் அதைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே வந்துவிட்டான்.

திடலில் கூடியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு அந்தப் படையில், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.), சேர்ந்தார்கள். தாத்தா சேரவில்லை. ராஜ விசுவாசமா, பயமா, கூட இருந்த ஹவில்தார் சொன்னதைக் கேட்டாரா, யாருக்கும் சொன்னதில்லை. சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோரை 1943-இல் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து நியூ கினியா பக்கம் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். தாத்தா போய்ச் சேர்ந்தது நியூ பிரிட்டன் தீவின் ரபால் துறைமுகம். சிறுவயதில் அவர் கோபத்தில் "ரபால்!" என்று கத்தும்போது ஏதோ இந்திக் கெட்ட வார்த்தை என்று நினைத்தோம். ஊர்ப் பெயர் என்று எனக்குத் தெரிந்ததே கல்லூரிக்குப் போன பிறகுதான்.

அங்கே சரக்கு இறக்குவது, மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டுவது, கிழங்கு பயிரிடுவது எல்லாம் இவர்கள் தலையில். மலேரியா, பெரிபெரி, ஜப்பான்காரனின் அடி. மேலிருந்து நேச நாட்டு விமானங்களின் குண்டு. அதற்கு ஜப்பானியன், கைதி என்ற பேதம் தெரியாது. நம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் வெடி வைக்கத் தாத்தாவைத்தான் கூப்பிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? மேலே நின்றபடி எங்கே துளை போடுவது, எவ்வளவு மருந்து கிட்டிப்பது என்று சொல்வார். கிணற்றுக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை.

'காணவில்லை' என்று தந்தி வந்து, மூன்று வருடம் தகவலே இல்லாமல், வீட்டில் அவருக்குத் திதியும் கொடுத்துவிட்டார்கள். 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படை ரபாலுக்கு வந்த பிறகுதான் விடுதலை. காட்பாடியில் ரயிலிறங்கி வந்த மனிதரைப் பார்த்து ஆயா அழவில்லையாம், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாராம். அந்தத் திதி ஆடி அமாவாசைக்குக் கொடுத்தது. பிற்காலத்தில் அந்த நாள் வந்தாலே "இன்னிக்கு எனக்குத்தான் திதி, வடையை இங்க வை" என்று முதல் ஆளாக இலையில் உட்காருவார். (அவர் பங்கு நிலம் அதற்குள் யார் பெயருக்கு மாறியிருந்தது என்பதை இந்தக் குழுவில் எழுதினால் எங்கள் வீட்டிலேயே போர் மூளும்.)

எனக்கு உறுத்துவது வேறு. ஐ.என்.ஏ.வில் இருந்தவர்களுக்கு 1972-க்குப் பிறகு தியாகி பென்ஷன் வந்தது. நியாயம்தான், அவர்களும் பட்டார்கள். இவருக்கு ராணுவ பென்ஷனும் இல்லை, 15 வருட சர்வீஸ் கிடையாதே! ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் பக்கத்து ஊர்த் தியாகிக்கு மாலை போடும்போது தாத்தா வேப்பமரத்தடியில் நின்று கைதட்டுவார். "நீங்க நேதாஜி படையில இல்லையா தாத்தா?" என்று நானே கேட்டிருக்கிறேன். எட்டு வயது எனக்கு. "இல்லடா" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவராவது திரும்பினார். கிராஞ்சி போர்க் கல்லறையில் உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். பல பேருக்குத் தகப்பன் பெயர், ஊர், ஜில்லாவோடு பதிவு இருக்கிறது. ஆனால் எழுத்துக்கூட்டல் கிளார்க் காதில் விழுந்தபடி. நம் ஊர்ப் பெயரையே நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன், இரண்டு பதிவுகள் நம் ஊராக இருக்கலாம் போலிருக்கிறது. கீழத்தெருவிலிருந்து போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள், தகப்பன் பெயரோடு. பரணில் டிஸ்சார்ஜ் புத்தகமோ மெடலோ கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து நடைதான். குடையும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், வெயில் தாங்காது.