‘திரிபு’ வேண்டாம், ‘மாற்றுரு’ என்போம்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி (பருத்த இடுப்பு, உயர் இரத்த அழுத்தம், கூடிய சர்க்கரை போன்றவை ஒருசேர அமைவது) உள்ளவர்களின் குருதிக் கொழுப்பைப் பற்றிய கையேட்டில், ‘ஜீன் வேரியன்ட்’ (ஒரு மரபணு ஆளுக்கு ஆள் வேறுபட்டு அமையும் வடிவம்) என்பதற்குத் தாங்கள் முன்வைத்த ‘மரபணுத் திரிபு’ என்னும் சொல்லை ஒரு வாரமாக எண்ணிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவதைச் சொல்லும் புணர்ச்சி இலக்கணத்தில் திரிதல் குற்றமன்று என்பது உண்மைதான். ஆனால், பினாங்கில் கிளினிக்கு வாசலில் அமர்ந்து இதைப் படிக்கப்போகிறவருக்குத் திரிந்த பாலும் திரித்துச் சொன்ன செய்தியுமே முதலில் நினைவுக்கு வரும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. திரிபு என்றால் திரியாத மூலம் ஒன்று இருக்க வேண்டும். குருதியில் கொழுப்பைச் சுமக்கும் புரதம் ஒன்றை உருவாக்கும் ஏப்போ-ஈ மரபணு ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. ஈ2 உடையவர்களிடம் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொழுப்பு பொதுவாகக் குறைந்தும், ஈ4 உடையவர்களிடம் கூடியும் இருக்கும். மக்களிடம் மிகுதியாக உள்ளது ஈ3. ஆயினும் மனித இனத்தில் பழையது ஈ4 என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் நம்மில் பெரும்பாலோர் சுமக்கும் ஈ3-ஐத் திரிபு என்பதா, பழைய ஈ4-ஐத் திரிபு என்பதா?

ஆகவே ‘மாற்றுரு’ என்று பரிந்துரைக்கிறேன். ககரம் ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலிக்கிறது. மொழியியலார் அவற்றை மாற்றொலிகள் என்கிறார்களே தவிர, ஒன்றைச் சரியென்றும் மற்றதைப் பிழையென்றும் சொல்வதில்லை.

கையேட்டில் வரும் ‘மரபணு கொழுப்பைப் பாதிக்கிறது’ என்னும் தொடரும் மாற வேண்டும். கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்றை உருவாக்கும் எல்பிஎல் மரபணுவின் ஒரு மாற்றுரு, குருதிக் கொழுப்பின் ஒரு வகையான டிரைகிளிசரைடைக் குறைக்கிறது. அந்த நன்மையைப் பாதிப்பு என்று எப்படி எழுதுவது? ஆசியரிடம் ஐரோப்பியரைவிடக் கூடுதலாகக் காணப்படும் ஏப்போ-ஏ5 என்னும் வேறொரு மரபணுவின் மாற்றுரு ஒன்று டிரைகிளிசரைடைக் கூட்டுகிறது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையில் கல்லீரல் ஏற்கெனவே டிரைகிளிசரைடை மிகுதியாகக் குருதிக்குள் அனுப்பிக்கொண்டிருக்க, அதை அகற்றும் வேலையை இம்மாற்றுரு மந்தமாக்குவதால், டிரைகிளிசரைடு கூடுதல் என்று கருதப்படும் லிட்டருக்கு 1.7 மில்லிமோல் என்னும் எல்லை எளிதில் தாண்டப்படுகிறது. இதைச் சொல்லக் ‘கூட்டுகிறது’, ‘குறைக்கிறது’ என்னும் வினைகளே போதும்.

‘அல்லீல்’ (ஒரே மரபணு இடத்தில் அமையக்கூடிய வடிவங்களுள் ஒன்று) என்பதற்கு இலங்கை வழக்கான ‘எதிருரு’வை எடுப்பதா என்பது மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. மாற்றுருவும் எதிருருவும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் குழம்புவார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.