பிளாங்க் வரைபடத்தில் பி-மோடு இவ்வளவு பெரிதாக வருவது ஏன்? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக பிளாங்க் விண்கலத்தின் 143 கிகாஹெர்ட்ஸ் வரைபடங்களை வைத்து, அண்ட நுண்ணலைப் பின்னணியின் (பெருவெடிப்பின் மிச்ச ஒளி) துருவமுனைப்பை, அதாவது ஒளி அதிரும் திசையை, ஈ-மோடு (சுழற்சி இல்லாத கோலம்), பி-மோடு (சுழலும் கோலம்) என்று பிரித்துப் பார்க்கிறேன். ஒரு வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பால்வீதிப் பட்டையை மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, துருவமுனைப்பைக் குறிக்கும் கியூ, யூ என்ற இரண்டு வரைபடங்களையும் ஹீல்பையில் (வான வரைபடங்களுக்கான பைதான் நிரலகம்) ஓட்டினால், பெரிய கோண அளவுகளில் ஈ-மோடுக்குப் பக்கத்திலேயே பி-மோடும் வந்து நிற்கிறது. பி சன்னமாகத்தானே இருக்க வேண்டும்? 2.725 கெல்வின் பின்னணியில் ஈ-மோடே சில மைக்ரோகெல்வின்தான். அதையே 2002-இல்தான் தென் துருவத்தில் இருந்த டாசி கருவி முதன்முதலில் பிடித்தது. 2014-இல் பைசெப்2 குழு ஆதிகால ஈர்ப்பலையின் தடயம் என்று அறிவித்த பி-மோடு, பெரும்பாலும் பால்வீதித் தூசி என்று அடுத்த ஆண்டே தெரிந்துபோனது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் என் பழைய லேப்டாப் எம்மாத்திரம்!

இரைச்சலைத் தவிர்க்க இரண்டு ஹாஃப்-மிஷன் வரைபடங்களை (விண்கலப் பணிக்காலத்தின் இரு பாதிகளில் தனித்தனியாக எடுத்தவை) குறுக்காகப் பெருக்கியும் பார்த்தாயிற்று. யூவின் குறி தலைகீழாக இருக்குமோ என்று முதலில் பயந்தேன் (ஹீல்பைக்கு அடிப்படையான ஹீல்பிக்ஸ் வழக்கும் சர்வதேச வானியல் ஒன்றிய வழக்கும் இதில் நேர் எதிர்). ஆனால் கோப்பின் ஹெடரில் 'காஸ்மோ' (ஹீல்பிக்ஸ் வழக்கு) என்றே இருக்கிறது, அதனால் அது இல்லை.

மிச்சம் இருப்பது தூசியும் மாஸ்க் விளிம்பும். மாஸ்க் போட்டு வெட்டிய வானத்தில் ஈ கசிந்து பி-யாகத் தெரியும் என்று படித்திருக்கிறேன். நாமாஸ்டர் மென்பொருளில் பி-மோடு சுத்திகரிப்பு (கசிந்த ஈ-யை நீக்குவது) செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விளிம்பை எத்தனை டிகிரிக்கு மழுங்கடித்தீர்கள்? தூசிக்கு, அது பளிச்சென்று தெரியும் 353 கிகாஹெர்ட்ஸ் வரைபடத்தை அளவு குறைத்துக் கழித்தால் போதுமா? என் நிரல் வேண்டுமென்றால் கமெண்டில் போடுகிறேன்.