சில்வர் ஓக் சருகு மட்கவில்லை. கல்யாண முருங்கை கலந்தால் மண் மாறுமா?

தாண்டிக்குடி காப்பி:
காப்பிக்கு நிழல் முழுக்க சில்வர் ஓக்தான், மிளகும் அதிலேயே ஏற்றியிருக்கிறது. சருகு அரைச் சாண் உயரத்துக்கு அப்படியே கிடக்கிறது, காப்பி இலை வெளுக்கிறது. மண் பிஎச் 5.2. சருகை வாரி எரித்துவிடச் சொல்கிறார்கள். ஊடே கல்யாண முருங்கை நட்டால் நுண்ணுயிர் கூடுமா? வேம் (வேரில் ஒட்டி வாழும் பூஞ்சை உரம், VAM) எவ்வளவு போடலாம்?

பண்ணைக்காடு:
தயவுசெய்து எரிக்காதீங்க. சருகைப் புரட்டிப் பாருங்க, அடியில் வெள்ளை நூலாகப் படர்ந்திருக்கும். லிக்னினை (இலையைக் கடினமாக்கும், எளிதில் மட்காத பொருள்) உடைக்கிற பூஞ்சை அதுதான். சில்வர் ஓக் இலையில் லிக்னின் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதனால் பூஞ்சை தனக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். கொத்திப் புதைத்தால் இந்த இழுப்பு காப்பி வேருக்குப் பக்கத்திலேயே நடக்கும், மேலோட்டமான சல்லிவேரும் அறுபடும். சருகை இருக்கிற இடத்தில் விட்டு, மேலே தழைச்சத்துள்ள கல்யாண முருங்கைத் தழையைப் பரப்புங்க.

பெரும்பாறை மிளகு:
கல்யாண முருங்கையில் எல்லாரும் தவறவிடும் விஷயம் கவாத்து (கிளை வெட்டுவது). மொட்டையாக வெட்டினால், தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா வாழும் வேர்முடிச்சுகள் உதிர்ந்துபோகும், தழைச்சத்து சேர்ப்பது பல வாரம் நின்றுவிடும். ஒரே நேரத்தில் எல்லா மரத்தையும் வெட்டாமல் பாதிப் பாதியாக, மரத்துக்கு ஓரிரு கிளை விட்டு வெட்டுங்க. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி மெதுவாகத் தோண்டி ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. பச்சை, பழுப்பு என்றால் ஓய்ந்துவிட்டது. யூரியா தாராளமாகப் போட்ட இடத்தில் முடிச்சே குறைவாகத்தான் இருக்கும். நடுவதற்குப் போத்து (கிளைத்துண்டு) வெட்டும்போது, குளவி தாக்கி வீங்கிய கிளைகளை ஒதுக்கிவிடுங்க.

பிஎச் 5.2 என்றால் புளிப்பு மண், அதற்குச் சுண்ணாம்பு மண் பரிசோதனைப்படி போடுங்க. யூரியாவோடு சேர்த்துப் போட்டால் அமோனியாவாகப் பறந்துவிடும், இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும்.

மண்வாசம்:
வேம் பற்றி. சில்வர் ஓக் கொத்துக் கொத்தாக வேர்விட்டு, அமிலம் சுரந்து மணிச்சத்தைத் (பாஸ்பரஸ்) தானே கரைத்துக்கொள்ளும் மரம். அதன் வேரில் வேம் அவ்வளவாக ஒட்டாது. காப்பி, மிளகு, பலா, கல்யாண முருங்கை எல்லாவற்றிலும் ஒட்டும். மரம் கலக்கச் சொல்வது இதனாலும்தான்.

வளர்ந்த செடியைச் சுற்றித் தூவுவதில் பலன் குறைவு. நாற்றுப் பையில் 10 கிராம், வேர் தொடும்படி அடியில் வையுங்க. அதோடு மணிச்சத்து மிகுந்த டிஏபி உரம் வேண்டாம். மணிச்சத்து மிகுந்தால் செடியே பூஞ்சையை உள்ளே விடாது. போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தரையில் வழிந்து வழிந்து தாமிரம் சேர்ந்த மண்ணிலும் நுண்ணுயிர் சுணங்கும்.

மாற்றம் தெரியணும் என்றால், 2 மி.மீ. கண் உள்ள நைலான் வலைப்பைகளில் காய்ந்த இலை 20 கிராம் கட்டுங்க: சில்வர் ஓக் தனி, கல்யாண முருங்கை தனி, பாதிக்குப் பாதி. சருகுக்கு அடியில் வைத்து 30, 60, 90 நாளில் எடுத்து, மண் போக அலசி, உலர்த்தி எடை போடுங்க. கலப்புப் பையின் எடை மற்ற இரண்டின் சராசரியைவிடக் குறைந்திருந்தால், தழை சருகையும் சேர்த்து மட்க வைக்கிறது.