மரைக்கு எங்க குறி வைக்கிறது: தலையா, நெஞ்சா?

வெள்ளவத்தைப் பெடியன்:
வணக்கம். நான் கொழும்பு. இங்க மான், மரை சுட ஏலாது, 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தெரியும். கேக்கிறது அவுஸ்திரேலியாவில விக்டோரியாவுக்கு. அடுத்த மாசம் மெல்பேர்ன் போறன், லைசென்ஸ் எடுத்தா அத்தான் மரை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். வன்னிப் பெரியப்பா "தலையில வை, துடிக்காமல் விழும்" எண்டுவார். அத்தான் நெஞ்சு எண்டுறார். போனமுறை சூட்டுப் பயிற்சி ரேஞ்சில 100 மீற்றரில ஒரு சாண் வட்டத்துக்குள்ள போட்டனான். மரை நேர் பக்கவாட்டில இல்லாமல் சரிஞ்சு நிண்டா எங்க வைக்கிறது? காயத்தோட ஓடவிட விருப்பமில்லை.

டண்டினோங் அண்ணை:
தம்பி, ஒரு சாண் எண்டா தலையை மறந்திடுங்கோ. மூளை சின்னன், தலையும் ஆடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பிசகினா தாடை உடைஞ்சு, தின்ன ஏலாமல் நாள்க்கணக்கில கிடந்து சாகும். பக்கவாட்டில நிண்டா முன்னங்காலின்ர பின் ஓரத்தோட மேல வந்து, உடம்பு உயரத்தில மூண்டில ஒரு பங்கில நிப்பாட்டுங்கோ. இதயம், சுவாசப்பை எல்லாம் அங்கதான்.

சரிஞ்சு நிண்டா தோலில புள்ளி தேடாதேங்கோ. குண்டு போய்ச்சேர வேண்டிய இடத்தை நினையுங்கோ: மற்றப்பக்க முன்னங்கால். அங்கால பாத்துச் சரிஞ்சு நிண்டா, கிட்ட விலாவின்ர பின்பக்கத்தால நுழைஞ்சு அந்தத் தோளுக்குப் போகவேணும். முழுசா முதுகு காட்டினா விடுங்கோ. திரும்பாட்டி வீட்டை போய்ச் சோறு தின்னலாம்.

துவக்கும் பாருங்கோ. அங்க மரைக்குக் குழல் அளவு .270 கலிபருக்கும், குண்டு நிறை 130 கிரெயினுக்கும் குறையக் கூடாது.

வவுனியாக்காரன்:
பெரியப்பாவைப் பிழை சொல்லாதேங்கோ. அது இடியன் துவக்கோட (வாயால மருந்து இடிச்சு நிரப்பிறது), ராவில டோர்ச் அடிச்சு, கண் மினுங்கிற இடத்துக்குக் கிட்டப்போய் வைச்ச காலம். விக்டோரியாவில ராவில வெளிச்சம் அடிச்சு மரை சுடுறது குற்றம். பகிடி என்னெண்டா, 1860களில அங்க கொண்டுபோய் விட்ட மரையில எங்கட இலங்கை மரையும் இருந்தது.

வெள்ளவத்தைப் பெடியன்:
வெடி பட்டும் ஓடினா?

டண்டினோங் அண்ணை:
ஓடும். சுவாசப்பையில பட்டதே நூறு மீற்றர் ஓடும். பின்னால ஓடாதேங்கோ, அரை மணித்தியாலம் இருங்கோ. பிறகு ரத்தத்தைப் பாருங்கோ. நுரையோட வெளிர் சிவப்பெண்டா சுவாசப்பை, கிட்டத்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு, ஈரல். பச்சையா, தீனி மணத்தோட இருந்தா வயிறு, மணித்தியாலக்கணக்கில பொறுக்கவேணும். அவசரப்பட்டா எழும்பித் திரும்ப ஓடும், பிறகு அந்தக் காட்டுப் பள்ளத்துக்குள்ள பிடிக்கேலாது.

வெள்ளவத்தைப் பெடியன்:
நன்றி அண்ணை. மரைப் படம் நாலு கோணத்தில பிரிண்ட் எடுத்து வைச்சிருக்கிறன். மற்றப்பக்கக் காலுக்குப் பென்சிலால கோடு கீறிப் பழகிறன். அம்மா எனக்கு என்ன பிடிச்சதெண்டு பாக்கிறா.